கணினியில் ஒட்டிய பட்டை கட்டடத்தில் ஒட்டியிருக்கிறதா? வலுவூட்டல் ஒப்புதல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பழைய கட்டடங்களின் வலுவூட்டல் பணிகளுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் வழங்கும் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

கார்பன் ஃபைபர் பட்டை ஒட்டி வலுவூட்டும் பணிகளில், விரிவான கணினி மாதிரி அறிக்கை இணைக்கப்பட்டிருந்தால் ஒட்டு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று களத்தில் இழுத்துப் பார்க்கும் இழுப்புச் சோதனையும், பாரம் ஏற்றிப் பார்க்கும் சுமைச் சோதனையும் செய்ய வேண்டியதில்லை என்று உங்கள் குழு முடிவெடுத்திருக்கிறது. காலமும் செலவும் மிச்சமாகும் என்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். அந்தச் சுற்றறிக்கையை நான் மூன்று முறை படித்தேன். இந்த முடிவை நீங்கள் திரும்பப் பெற வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான் இந்த மாதிரிகளுக்கு எதிரி இல்லை. பதினாறு வருடங்களாக இதுதான் என் தொழில். பீம், தூண், ஸ்லாப் என்று ஒவ்வொன்றையும் கணினியில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கான்கிரீட் எங்கே விரிசல் விடும், கம்பி எப்போது இளகும், பட்டை எவ்வளவு சுமையை வாங்கும் என்று தேடுகிற வேலை. உங்கள் மேசைக்கு வருகிற நீலமும் பச்சையும் சிவப்புமான படங்களில் சில நான் போட்டவையாகவும் இருக்கலாம். அந்தப் படங்களால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்லவே முடியாது என்பதை அனுபவத்தில் தெரிந்துகொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எட்டு வருடங்களுக்கு முன் கடலோர ஊர் ஒன்றில் பழைய பொதுக் கட்டடம் ஒன்றுக்கு வலுவூட்டல் நடந்தது. முதல் மாடியில் கோப்புகள் வைக்கும் அறை வரப்போகிறது, கீழே இருக்கும் பீம்கள் அந்தப் பாரத்தைத் தாங்காது என்பதால் அடியில் கார்பன் பட்டை ஒட்ட முடிவானது. மாதிரி செய்தது நான். பட்டைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே 'டை' என்கிற இணைப்பைக் கொடுத்திருந்தேன். மென்பொருளில் அதற்கு அர்த்தம், இரண்டும் என்றைக்கும் பிரியாது என்பது. ஒரு சொடுக்கில் முடிகிற வேலை அது. பீம் தேவைக்கு மேலேயே தாங்கும் என்று விடை வந்தது. அறிக்கை போனது, ஒப்புதல் வந்தது, பட்டையும் ஒட்டினார்கள்.

மூன்று மாதம் கழித்து வேறு ஒரு வேலையாக அந்தக் கட்டடத்துக்குப் போனேன். சும்மா இருக்கட்டுமே என்று ஏணி போட்டு ஏறி, பையில் இருந்த ஐந்து ரூபாய்க் காசால் பட்டையைத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல ஒட்டு இருந்தால் கல்லைத் தட்டுகிற மாதிரிக் கெட்டியான சத்தம் வரும். பீமின் நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் வந்தது காலி டப்பாவைத் தட்டுகிற சத்தம். ஓரத்தில் விரலைக் கொடுத்து இழுத்தேன், ஒரு முழம் நீளத்துக்குப் பட்டை கையோடு வந்துவிட்டது. அதன் முதுகில் ஒட்டியிருந்தது கான்கிரீட் இல்லை. வெள்ளையடித்த சிமெண்ட் பூச்சு. பூச்சைக் கொத்தி எடுக்காமல், அதன் மேலேயே பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள். என் அறிக்கையில் அந்த இடம் அடர் சிவப்பில் இருந்தது, பட்டை அதிகபட்சமாக வேலை செய்கிற இடம் என்று. கோப்பு அலமாரிகள் அதுவரை வந்து சேராததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அன்றைக்கு, பட்டை ஒட்டிய மேஸ்திரி என்னிடம் கேட்டது இன்றும் மறக்கவில்லை. "சார், கம்ப்யூட்டர்ல எல்லாம் சரியா வந்துடுச்சுன்னு சொன்னாங்களே. அதனாலதான டெஸ்ட் வேணாம்னு விட்டாங்க?" அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரிடம் யாரோ சொன்னதைத்தான் அவர் சொன்னார். இப்போது அதே வாக்கியத்தை உங்கள் சுற்றறிக்கை அரசு முத்திரையோடு சொல்கிறது.

இதை ஒரு மேஸ்திரியின் தவறு, ஒரு ஒப்பந்ததாரரின் தவறு என்று ஒதுக்கிவிட முடியாது. பூச்சைக் கொத்தி எடுத்துச் சரியாக ஒட்டியிருந்தாலும் நான் செய்த கணினி மாதிரி தவறுதான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கார்பன் பட்டை பெரும்பாலும் அறுந்து தோற்பதில்லை, பிரிந்துதான் தோற்கிறது. எப்பாக்சி பசை கான்கிரீட்டைவிடப் பலமானது. அதனால் பிரிவு பசையில் நடக்காமல், பசைக்கு அடுத்து இருக்கிற சில மில்லிமீட்டர் கான்கிரீட் தோலில் நடக்கிறது. பீமில் வளைவு விரிசல் விழுந்ததும் அந்த இடத்தில் பட்டை திடீரென்று நிறைய இழுபட்டு, அங்கிருந்து ஓரத்தை நோக்கி உரிந்துகொண்டே போகும். நம் நாட்டுக் கான்கிரீட் விதியான ஐஎஸ் 456:2000 இதைப் பற்றிப் பேசவில்லை. அதனால் நம் ஆலோசகர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனத்தின் ஏசிஐ 440.2ஆர் வழிகாட்டியை. பட்டை எந்த விகிதத்துக்கு நீண்டால் பிரியும் என்று சொல்ல அதன் 2017 பதிப்பில் இருக்கிற பிரிவுத் திரிபுச் சூத்திரத்தைச் சாதாரணமான ஒரு கட்டடத்துக்குப் போட்டுப் பாருங்கள். கான்கிரீட்டை உருளையாக வார்த்து நசுக்கிப் பார்த்த வலிமை 20 மெகாபாஸ்கல், நம் வழக்கில் ஏறத்தாழ எம்25 தரம். பட்டையின் விறைப்பைச் சொல்லும் மீட்சிக் குணகம் 1,65,000 மெகாபாஸ்கல், தடிமன் 1.2 மில்லிமீட்டர். திரிபு 0.0041 ஆகும்போதே பட்டை பிரியத் தொடங்கிவிடும் என்று வரும். அப்போது பட்டையில் இருக்கிற தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்புக்கு வரும் விசை, சுமார் 680 மெகாபாஸ்கல். தயாரிப்பாளரின் தாளில் அதே பட்டை அறுபடும் தகைவு 2,800 என்று இருக்கும். 'டை' கொடுத்த கணினி மாதிரியோ அந்த 2,800 வரைக்கும் தாராளமாகப் போகும். நடுவில் நிற்க வேண்டும் என்று அதற்குச் சொல்லித் தரவில்லையே. நிஜத்தில் கிடைப்பது அதில் கால் பங்கு.

இரண்டு அடுக்கு ஒட்டினால் இரண்டு மடங்கு பலம் என்று எழுதி வருகிற அறிக்கைகளையும் பார்த்திருக்கிறேன். அதே சூத்திரத்தில் அடுக்குகளின் எண்ணிக்கை வர்க்கமூலத்துக்குள் கீழே நிற்கிறது. இரண்டு அடுக்கு என்றால் பிரிவுத் திரிபு 0.0029 ஆகக் குறையும், பட்டையில் கிடைக்கிற மொத்த இழுவிசை 1.41 மடங்குதான் கூடும். நீளத்தைக் கூட்டலாமே என்று கேட்பார்கள். சென், டெங் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் கொடுத்த சூத்திரப்படி இதே பட்டைக்குப் பயனுள்ள ஒட்டு நீளம் சுமார் 210 மில்லிமீட்டர். அதற்கு மேல் எத்தனை மீட்டர் ஒட்டினாலும் ஓரத்தில் பிடிப்பு ஏறாது.

இதையெல்லாம் மாதிரிக்குள் கொண்டுவர வழி இருக்கிறது. 'டை'க்குப் பதிலாக, பட்டைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே நழுவக்கூடிய, பிரியக்கூடிய ஒரு அடுக்கை வைக்க வேண்டும். லூ, டெங் உள்ளிட்ட நால்வர் 2005இல் வெளியிட்ட, எவ்வளவு நழுவினால் எவ்வளவு பிடிப்பு இருக்கும் என்கிற ஒட்டு–நழுவல் உறவை உலகம் முழுக்க இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அதன்படி, பட்டை ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு நழுவியதுமே பிடிப்பு உச்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பித்துவிடும். அந்த உறவுக்கு நாம் கொடுக்க வேண்டிய உள்ளீடு என்ன தெரியுமா? மேல்பரப்புக் கான்கிரீட்டின் இழுவிசை வலிமை. அந்த எண் எங்கிருந்து வரும்? களத்தில் செய்கிற இழுப்புச் சோதனையிலிருந்து.

நீங்கள் ரத்து செய்திருப்பது அந்தச் சோதனையைத்தான். மாதிரி இருந்தால் சோதனை வேண்டாம் என்கிறீர்கள், ஆனால் அந்தச் சோதனை இல்லாமல் மாதிரியே இல்லை. முப்பது நாற்பது வருடம் கடற்காற்றில் நின்ற ஒரு பீமின் தோல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதைச் சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிற எவரும் ஊகிக்க முடியாது. நான் ஊகித்திருக்கிறேன். வரைபடத்தில் எழுதியிருந்த கான்கிரீட் தரத்தை அப்படியே உள்ளே போட்டிருக்கிறேன். வேறு வழியில்லாமல் செய்தேன் என்று சொல்லலாம், ஆனாலும் அது ஊகம்தான்.

அந்தக் கட்டடத்துக்குத் திரும்பப் போய் மாதிரி செய்தபோது இன்னொன்றும் புரிந்தது. பட்டை ஒட்டும்போது பீம் வெறுமையாக இல்லை. தன் எடை, ஸ்லாபின் எடை, தரை ஓடு, சுவர் எல்லாம் ஏற்கெனவே அதன் மேல் இருக்கின்றன, பீமும் வளைந்து, கம்பியும் இழுபட்டு இருக்கிறது. ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் ஒழிய, பழைய பாரத்தில் ஒரு துளியையும் பட்டை வாங்காது, ஒட்டிய பிறகு வருகிற புதுப் பாரத்தை மட்டுமே பகிர்ந்துகொள்ளும். ஆனால் மாதிரியில் பட்டையையும் பீமையும் ஒன்றாக வைத்து முழுப் பாரத்தையும் முதலிலிருந்து ஏற்றினால், பிறந்ததிலிருந்தே அந்தப் பீமோடு பட்டை இருந்ததாகக் கணினி நினைத்துக்கொள்ளும். கம்பி இளகும் சுமை அதிகமாகத் தெரியும். என் முதல் அறிக்கையில் அதுதான் நடந்தது. ஒப்புதல் கொடுத்தவர்கள் யாரும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

கான்கிரீட் எப்படிச் சேதமாகி இளகும் என்று கணினிக்குச் சொல்ல நாங்கள் கொடுக்கிற சேத–நெகிழ்வு மாதிரியில் இன்னும் சில திருகுகள் இருக்கின்றன. கணக்கு பாதியில் நின்றுவிடாமல் ஓடுவதற்காகப் பாகுநிலை என்று ஒரு சின்ன எண்ணைச் சேர்ப்போம். அதைத் தேவைக்கு மேல் கூட்டினால் கணக்கு அழகாக ஓடி முடியும், விரிசல்கள் பரவி மங்கும், பீமுக்கு இல்லாத பலமும் வந்துவிடும். கட்டங்களின் அளவை மாற்றினால் விடை மாறும். விரிசல் விழத் தேவைப்படும் ஆற்றலைக் கட்ட அளவோடு பொருத்திக் கொடுக்காவிட்டால் இன்னும் மோசமாக மாறும். 1976இல் ஹில்லர்போர்க் குழுவினரும் 1983இல் பசாந்தும் ஓவும் எழுதிக் காட்டியதிலிருந்து இந்தத் துறைக்கு இது பழைய செய்தி. எனக்கு வருத்தம் என்னவென்றால், உங்கள் ஒப்புதல் படிவத்தில் கட்ட அளவு என்ன, அதை மாற்றிப் பார்த்தீர்களா என்று கேட்கும் ஒரு வரிகூட இல்லை. அறிக்கையில் எத்தனை பக்கம் என்று கேட்க மட்டும் இடம் இருக்கிறது.

1991ஆம் வருடம் நடந்த இரண்டு விஷயங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் அருகே இபாக் பாலத்தில் போக்குவரத்து விளக்கு பொருத்தத் துளை போட்டவர்கள், உள்ளே முன்கூட்டியே இழுத்துப் பொருத்தியிருந்த முன்தகைவுக் கம்பிகளை அறுத்துவிட்டார்கள். எம்பா ஆய்வு நிறுவனத்தின் உர்ஸ் மையர் குழு அதைக் கார்பன் பட்டை ஒட்டிச் சரிசெய்தது. உலகில் கார்பன் பட்டையால் வலுவூட்டப்பட்ட முதல் பாலம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 175 கிலோ எஃகுத் தகடு வேண்டியிருந்த இடத்தில் 6.2 கிலோ பட்டை போதுமாக இருந்தது. இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு இருக்கிற மரியாதை அங்கிருந்து வருவது. ஆனால் அந்த ஆய்வகம் அதற்கு முன் பல வருடங்கள் பீம்களை உடைத்துப் பார்த்த ஆய்வகம். அப்படி இருந்தும், பட்டை ஒட்டி முடித்த பிறகு 840 கிலோநியூட்டன் எடையுள்ள வண்டியைப் பாலத்தில் நிறுத்திச் சோதித்தார்கள். கண்டுபிடித்தவர்களுக்கே தேவைப்பட்ட சோதனை நமக்குத் தேவையில்லை என்று ஆகிவிடுமா?

அதே வருடம் ஆகஸ்ட் 23 அன்று, நார்வேயின் கன்ஸ்ஃபியோர்டில் ஸ்லைப்னர் ஏ என்கிற எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடித்தளம் கடலுக்குள் மூழ்கி நொறுங்கியது. சோதனைக்காக அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீரில் இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு அறையின் சுவர் வெடித்தது. காரணம் தேடியபோது, கணினி மாதிரியில் அந்த மூலையில் கட்டங்களைச் சரியாக அமைக்காததால் வெட்டுத் தகைவு 47 விழுக்காடு குறைவாகக் கணக்காகியிருந்தது தெரிந்தது. கம்பி கான்கிரீட்டுக்குள் பிடித்து நிற்கத் தேவையான நங்கூர நீளமும் அங்கே போதவில்லை. பிறகு கவனமாகச் செய்த மாதிரி, சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில். கணக்கிடும் வழி ஒன்றேதான், சரியாகச் செய்தபோது அவ்வளவு நெருக்கமாகச் சொன்னது, அலட்சியமாகச் செய்தபோது பாதியை விட்டுவிட்டது. இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்தால் வண்ணப் படங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்திருக்கும்.

நம் ஊருக்கு என்று இருக்கிற கவலைகளும் உண்டு. உள்ளே துரு ஓடுகிற கம்பியை அப்படியே விட்டு மேலே பட்டை ஒட்டினால், கம்பி வீங்கி, அதை மூடியிருக்கிற கான்கிரீட்டைப் பட்டையோடு சேர்த்துத் தள்ளிவிடும். துருவை மாதிரியில் காட்டிய அறிக்கை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. மொட்டை மாடிக்குக் கீழ் இருக்கும் ஸ்லாபில் சித்திரை வெயிலில் ஏறுகிற சூட்டுக்கு எப்பாக்சி இளகுமா என்பதும் அதே மாதிரிதான். ஏதாவது சேதத்தில் பட்டை போய்விட்டாலும் கட்டடம் விழக் கூடாது என்பதால், பட்டை இல்லாமலே பழைய பீம் புது நிலைச்சுமையின் (கட்டடத்தின் சொந்த எடை) 1.1 மடங்கையும் நகர்சுமையின் (ஆட்கள், பொருட்களின் எடை) 0.75 மடங்கையும் சேர்த்துத் தாங்க வேண்டும் என்று அதே ஏசிஐ வழிகாட்டி சொல்கிறது. இந்த ஒரு கணக்குக்கு மென்பொருள்கூட வேண்டாம், ஒரு தாளும் பேனாவும் போதும். அதையும் அறிக்கைகளில் தேட வேண்டியிருக்கிறது.

காலம், செலவு என்று சொல்கிறீர்கள். இழுப்புச் சோதனை என்றால் என்ன? ஐம்பது மில்லிமீட்டர் வட்டத் தகட்டைப் பட்டை மேல் ஒட்டி, சுற்றிலும் கான்கிரீட் வரை வெட்டி, கையால் சுழற்றுகிற ஒரு கருவியால் இழுத்துப் பார்ப்பது. 1.4 மெகாபாஸ்கலாவது வர வேண்டும், கான்கிரீட்டுக்குள்தான் பிய்ந்து வர வேண்டும். பசை காய்ந்த பிறகு ஒரு நாள் வேலை. அன்றைக்கு அந்தக் கடலோரக் கட்டடத்தில் ஒரே ஒரு இடத்தில் இதைச் செய்திருந்தால், முதல் இழுப்பிலேயே பூச்சு உரிந்து வந்திருக்கும். அப்புறம் எல்லாப் பட்டைகளையும் பிரித்து, கொத்தி, காயவிட்டு மறுபடி ஒட்ட எத்தனை வாரம் ஆனது என்று அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள்.

நான் கேட்பது இவற்றைத்தான்.

சோதனை விலக்கு தருகிற அந்தப் பத்தியை நீக்குங்கள். எந்தப் பட்டையும் ஒட்டுவதற்கு முன் வெறும் கான்கிரீட்டில் இழுப்புச் சோதனை நடக்க வேண்டும், அந்த எண்தான் மாதிரிக்குள் போக வேண்டும். ஒட்டி முடித்த பிறகு பட்டையின் மேலும் நடக்க வேண்டும். பட்டை முழுவதையும் தட்டிப் பார்த்து, வெற்றுச் சத்தம் வருகிற இடங்களைக் குறித்த வரைபடம் கோப்பில் இருக்க வேண்டும். பாரம் கூடப்போகிற பீம்களுக்கும் ஸ்லாபுகளுக்கும் ஐஎஸ் 456:2000இன் 17.6 பிரிவில் உள்ள சுமைச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். முழு நிலைச்சுமையோடு நகர்சுமையின் 1.25 மடங்கை 24 மணி நேரம் வைத்து, எடுத்த பிறகு தாழ்வு எவ்வளவு மீள்கிறது என்று பார்க்கும் சோதனை அது. நம் நாட்டு விதியிலேயே இருப்பது, புதிதாக எதையும் நான் கேட்கவில்லை.

மாதிரி அறிக்கைக்கு நீங்கள் ஒப்புதல் தருவதற்கு முன், பட்டைக்கும் கான்கிரீட்டுக்கும் என்ன இணைப்பு கொடுத்தீர்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். 'டை' என்று இருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஆய்வகத்தில் உடைத்து முடிவு வெளியான ஒரு பீமை அதே அமைப்புகளோடு முதலில் மாதிரி செய்து, சோதனையில் வந்த சுமையையும் பிரிந்த விதத்தையும் அந்த மாதிரி காட்டுகிறதா என்று இணைக்கச் சொல்லுங்கள். குறைந்தது மூன்று கட்ட அளவுகளில் விடையும், பட்டை ஒட்டும்போது இருந்த பாரமும், பாகுநிலை எண்ணும் அறிக்கையில் வேண்டும். படங்கள் மட்டும் போதாது, உள்ளீட்டுக் கோப்பையும் கேட்டு வாங்கி வையுங்கள். தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, ஐஐடி மெட்ராஸ் இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகம் இருக்கிறது. பத்தில் ஒரு அறிக்கையையாவது அவர்களில் ஒருவரிடம் மறு ஆய்வுக்கு அனுப்புங்கள்.

பட்டை ஒட்டுகிற தொழிலாளர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு தயாரித்துக் கொடுங்கள். பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும், ஈரம் இருக்கக் கூடாது, தூண் சுற்றும்போது முனையைக் குறைந்தது 13 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்ட வேண்டும் என்று அதில் இருக்கட்டும். எழுதித் தர நான் தயார், சம்பளம் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இந்தச் சுற்றறிக்கைக்குப் பிறகு ஒப்புதல் பெற்ற பணிகளில் ஒரு பள்ளிக் கட்டடமும் இருப்பதாக அறிகிறேன். கோடை விடுமுறையில் வேலை முடிந்து, ஜூனில் பிள்ளைகள் அந்த மாடியில் உட்காரப்போகிறார்கள். அந்தக் கட்டடத்தில் பட்டை ஒட்டுவதற்கு முன் மூன்று பீம்களில் இழுப்புச் சோதனை செய்ய இந்த வாரமே எழுத்து மூலம் உத்தரவிடுங்கள். அதற்கு முன் அந்தப் பணிக்கான தொகை எதையும் விடுவிக்காதீர்கள். உங்கள் பதிலைப் பதினைந்து நாட்களுக்குள் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கட்டமைப்புப் பொறியாளர்,
சென்னை